உங்கள் பொறுப்பில் இருந்த பதினோரு ஆமைக்குட்டிகள்

அக்கா,

இன்று காலை கடையில் மோட்டார் டப்பாக்களை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது, மேல்தட்டின் மூலையில் ஒரு கணவாய் ஓடு கிடைத்தது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதேதான். ஊதினால் பறந்துவிடும் கனம். ஒரு பக்க விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கடித்தடங்கள். அரிசி மணி அளவு வாய் கடித்த தடங்கள். மூக்கருகே கொண்டுபோனேன். கடல் வாசனை எப்போதோ போய்விட்டது, தூசி வாசனைதான் வந்தது. இருந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மீன் தீனி வாங்க வந்த ஒரு அம்மா, உடம்பு சரியில்லையா பாய் என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுத ஆரம்பித்தேன்.

உங்களுக்கு நான் காகிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கோர்ட்டுக் காகிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள். நீங்கள் தெருவுக்குள் வந்தாலே ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும் என்று நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். உங்களுக்கென்று யாராவது ஒரு கடிதம் எழுதினார்களா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். என் வாழ்க்கையில் இரண்டும் புகுந்தன. முதலில் வந்தது அமீனா.

அப்போது என் மீன் தொட்டிக் கடை முத்தியால்பேட்டையில் வேறு ஒரு கட்டடத்தில் இருந்தது. கட்டடம் ஒரு சொல்தா குடும்பத்துடையது. பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, அந்த நாட்டிலேயே தங்கி, கடைசிக் காலத்தில் ஊர் திரும்பியவர். கட்டடம் வேண்டும் என்று கேட்டார், நான் கொடுக்கவில்லை, வழக்கு நடந்தது, தோற்றேன். தீர்ப்பில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தேதி சொன்னால் அன்றைக்கே யாராவது காலி செய்வார்களா, இன்னும் ஆறு மாதம் இழுக்கும் என்று ஊரே சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தேன். தேதி முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கையில் நீள நோட்டும் பூட்டும், பின்னால் இரண்டு கூலியாட்களுமாக ஒரு பெண் வந்து நின்றார். அதுவரை நான் பெண் அமீனாவைப் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பாய், நீங்களா எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். காபி வேண்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டீர்கள்.

நான் மரம் மாதிரி நின்றேன். கூலியாட்கள் தொட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது தொட்டி ஒருவர் கையிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்து உடைந்தது. கப்பி மீன்கள் தெருவெல்லாம் துள்ளின. நீங்கள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புடவையைச் சொருகிக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் மண்டியிட்டு, ஒவ்வொரு மீனாகப் பொறுக்க ஆரம்பித்தீர்கள். "தண்ணி கொண்டாங்க பாய், நின்னு பாத்தா பொழைக்குமா?" என்று என்னை அதட்டினீர்கள். உங்கள் விரலில் ரத்தம் வந்தது. அதைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் பட்டியல் எழுதினீர்கள்.

அந்தப் பட்டியலை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். பம்பு எத்தனை, வலை எத்தனை, தொட்டி எத்தனை. கடைசியில், கண்ணாடித் தொட்டி ஒன்று, அமீனாவின் பொறுப்பில் எடுத்தபோது உடைந்தது என்று இருந்தது. உடைத்தது அந்த ஆள்தானே, நீங்கள் ஏன் உங்கள் மேல் எழுதிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "அந்த ஆள கூட்டியாந்தது யாரு? என் கைக்கு வந்தப்புறம் ஒடைஞ்சா அது நான் ஒடைச்சதுதான்" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில் அந்த வார்த்தை காதில் விழுந்ததே தவிர, மனதில் விழவில்லை.

வேறு கடை கிடைக்கும் வரை மீன்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மனைவி அழுதாள். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒன்றை அப்போது செய்தீர்கள். அத்தனை மீன்களையும் நெல்லித்தோப்பில் இருந்த உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், தண்ணீர் டிரம்மில் விட்டு வைத்துக்கொண்டீர்கள். பதினைந்து நாள் கழித்து நான் எடுக்க வந்தபோது பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு எண்ணினீர்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. கப்பி குட்டி போட்டிருந்தது. பழைய எண்ணிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமே என்றேன். முறைத்தீர்கள். எழுதினதை அழிக்கக் கூடாது, கீழே சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, குட்டிகள் இருபத்திரண்டு, காவலில் இருந்தபோது பிறந்தவை என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். என்னைக் கடையைவிட்டு வெளியேற்றிய ஆள் என் அக்கா ஆனது அன்றைக்குத்தான்.

ஆமை வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. நீங்கள் ஓய்வுபெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கருவடிக்குப்பம் பக்கம் இருக்கும் விலங்குக் காப்பகத்தில் போய்ச் சேர்ந்திருந்தீர்கள். அடிபட்ட பருந்து, வீட்டுக்குள் வழிதவறி வந்த பாம்பு, கை ஒடிந்த குரங்கு என்று நாலைந்து ஜீவன்கள் எப்போதும் இருக்கும் இடம். அங்கே பதிவேடு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எல்லா வேலையும் செய்தீர்கள். ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து, ஒரு வீடு செய்து தர வேண்டும் என்றீர்கள். யாருக்கு என்று கேட்டேன். பதினோரு பேருக்கு என்றீர்கள்.

பேருந்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பை. உள்ளே ஆண்கள் போடும் காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு நட்சத்திர ஆமைக்குட்டி, திமிற முடியாதபடி முடிச்சுப் போட்டு. வீட்டில் வளர்த்தாலே குற்றம் என்கிற ஜாதி அது, கடத்திக்கொண்டு போனவன் பிடிபடுவோம் என்று பயந்து பையை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். வனத்துறை வழக்குப் போட்டு, குட்டிகள் வளர்ந்து காட்டில் விடும் அளவுக்கு வரும்வரை காப்பகத்தில் வைக்கச் சொல்லியிருந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். ஜப்தி செய்த பொருள் உயிரோடு கைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அமீனாவே ஆமையைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டீர்களே, நான் உருப்பட வேண்டாமா என்று கேட்டேன். நீங்கள் அசரவில்லை. "அந்தப் பழமொழிய சொன்னவன் எவனோ, கோர்ட்டு சொன்ன தேதிக்கு காலி பண்ணாதவனா இருப்பான் பாய்" என்றீர்கள். உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நான் கண்ணாடி ஒட்டத் தெரிந்தவன். எனக்குத் தெரிந்த வீடு கண்ணாடி வீடுதான். நாலடி நீளத்தில், விளிம்பு தேய்த்து, பசை துளிகூட வெளியே தெரியாமல், என் கைவேலையிலேயே அழகான தொட்டியைச் செய்தேன். அடியில் வண்ணக் கூழாங்கல். மூலையில் பிளாஸ்டிக் தென்னைமரம் ஒன்று. மேலே சறுக்கு மூடி. காப்பகத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினோரு குட்டிகளும் நாள் முழுக்கக் கண்ணாடியைக் கால்களால் பிறாண்டிக்கொண்டே இருந்தன. நம்மைப் பார்த்துத்தான் ஓடி வருகின்றன என்று இரண்டு பேரும் பூரித்துப்போனோம்.

தீனியும் என் கடைத் தீனிதான். தண்ணீர் ஆமைக்குப் போடும் உருண்டை. கருவாட்டு வாசனை அடிக்கும். போட்ட நிமிஷத்தில் காணாமல் போகும். மாதத்துக்கு மாதம் எடை ஏறியது. நான் தராசில் வைத்துக் காட்டும்போதெல்லாம் என் பிள்ளைகளே முதல் மதிப்பெண் வாங்கியது மாதிரி இருந்தது.

நீங்கள் உங்கள் வேலையை உங்கள் முறையில் செய்தீர்கள். பதினோரு குட்டிக்கும் எண் போட்டு, அடையாளம் எழுதினீர்கள். ஓட்டில் சாயம் பூசக் கூடாது என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நடுவிலிருந்து கிளம்பும் மஞ்சள் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினீர்கள். நாலாம் எண்ணுக்கு நடுக்கட்டத்தில் கோடு ஏழு. ஏழாம் எண்ணுக்கு இடது ஓரத்தில் ஒரு கோடு பாதியில் நின்றுவிடும். காலையில் கடற்கரைக்கு நடக்கப் போனால் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடுகளைப் பொறுக்கிவந்து கழுவிக் காயவைத்து உள்ளே போட்டீர்கள். ஓட்டுக்கு ஓடுதானே சத்து என்பது உங்கள் கணக்கு. நாம் இரண்டு பேரும் செய்ததில் அது ஒன்றுதான் சரி என்று பிறகு தெரிந்தது.

நீங்கள்தான் முதலில் கவனித்தீர்கள். ஒவ்வொரு கட்டமும் மேடு தட்டிக்கொண்டு வருகிறதே, எழும்பி நிற்கிறதே என்று கேட்டீர்கள். நட்சத்திர ஆமை என்றால் அப்படித்தான் இருக்கும், படத்தில்கூடப் பார்த்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். நோட்டில், மேடு தெரிகிறது என்று மட்டும் எழுதினீர்கள்.

அந்தச் சித்திரை மாதக் காலையை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள்.

குட்டிகளுக்கு வெயில் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தொட்டியோடு தூக்கிக் காப்பகத்து மொட்டைமாடியில் வைத்தேன். காக்கை வந்து உட்கார்ந்தது, அதனால் மூடியை இழுத்துச் சாத்தினேன். அரை மணி நேரம்தான் என்று மனதில் வைத்திருந்தேன். அப்போது கடையிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள், வாடிக்கைக்காரர் ஒருவர் வீட்டில் தொட்டி ஒழுகிக் கூடம் முழுக்கத் தண்ணீர் என்று. ஓடினேன். அந்த வேலை இன்னொரு வேலையாக நீண்டது. நினைவு வந்து திரும்பியபோது பதினொரு மணி தாண்டியிருந்தது. கண்ணாடியைத் தொட முடியவில்லை. ஒன்பது குட்டிகள் தென்னைமர நிழலில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பிளாஸ்டிக் மரத்துக்கு இருந்த நிழல் அவ்வளவுதான். நாலாம் எண்ணும் ஏழாம் எண்ணும் கண்ணாடி மூலையில் தலை நீட்டியபடி அசையாமல் இருந்தன.

நீங்கள் பையில் கணவாய் ஓடுகளோடு மாடியேறி வந்தீர்கள். பார்த்தீர்கள். ஒன்பதையும் நிழலுக்குக் கொண்டுபோய், அகலத் தட்டில் லேசாகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக இறக்கினீர்கள். அவை கண் திறந்த பிறகுதான் நோட்டை எடுத்து எழுதினீர்கள். என்ன எழுதினீர்கள் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மாலை கால்நடை மருத்துவர் வந்தார். பருந்தின் இறக்கையைப் பார்க்க வாராவாரம் வரும் அந்தச் சின்ன வயது டாக்டரம்மாதான். அத்தனை மாதமாக ஆமைகளைப் பற்றி நாம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தோம். அவர் கோபப்படாமல் சொன்னார். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு மட்டும்தான் வரும், ஓட்டைக் கெட்டிப்படுத்தும் சத்து வராது. ஆமைக்குக் கண்ணாடி சுவர் என்று தெரியாது, எதிரே வழி இருக்கிறது என்று நினைத்து முட்டிக்கொண்டே இருக்கும். இது தரையில் புல் தின்னும் ஜீவன், மீன் உருண்டை தின்றால் உடம்பு வேகமாக ஊதும், ஓடு ஈடுகொடுக்க முடியாமல் மேடு தட்டும். காய்ந்த கூழாங்கல்லில் வைத்தால் இன்னும் மோசம். இந்த மேடு இனிப் போகாது என்றும் சொன்னார். என் தராசு ஞாபகம் வந்தது. முதல் மதிப்பெண் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் நோயின் எடை.

அதற்குப் பிறகு எட்டு நாள் நான் அந்தப் பக்கமே வரவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தேன். பழமொழி சரிதான், நான்தான் உருப்படாதவன், என் கை பட்டது விளங்காது என்று மனைவியிடம் புலம்பினேன். காப்பகத்திலிருந்து யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, வனத்துறையிலிருந்து யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கக்கூட இல்லை. தப்பித்தோம் என்று ஒரு மூலையில் நினைத்தேன் அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் என் தொட்டி, பழைய போர்வை சுற்றி. டிரைவர் பக்கத்தில் நீங்கள். இறக்கி வைத்ததும், உடையாமல் கொண்டுவந்துவிட்டேன், பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றீர்கள். பிறகு, இதில் மீன் விடுங்கள், அதுகளுக்கு வேறு வீடு செய்ய வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் வரவில்லை என்றேன். என் கை ராசி இல்லாத கை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் நின்று கேட்டீர்கள்.

"ராசியெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஒன்பது மிச்சம் இருக்கு."

அதுவரை என்னை நீங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டிருந்தீர்கள். கடையைச் சாத்திவிட்டு உங்களோடு ஏறினேன்.

இரண்டாவது வீடு அழகாக இல்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த கதவுப் பலகைகளை வாங்கி, எனக்குத் தெரியாத தச்சு வேலையை நானே செய்தேன். முழங்கால் உயரத்துக்கு நாலு பக்கமும் மரம், வெளியே எதுவும் தெரியாது. மேலே காக்கைக்குக் கம்பி வலை, கண்ணாடி கிடையாது. ஒரு பாதி வெயில், ஒரு பாதி ஓலை நிழல், எது வேண்டுமோ அதுகளே போய்க்கொள்ளட்டும் என்று. அடியில் தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பரப்பினோம். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது, அதுதான் பதம் என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். ஒளிந்துகொள்ள, பாதியாக உடைத்த மண்சட்டிகள். நான் அடித்த நாலு மூலையில் ஒன்றுகூட நேராக இல்லை. நீங்கள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஆமைக்குக் கோணல் தெரியாது, கவலைப்படாதீர்கள் என்று சொன்னீர்கள். நான் எட்டு நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

தீனியும் மாறியது. செம்பருத்தி இலையும் பூவும், மூக்கிரட்டைக் கீரை, கொஞ்சம் முருங்கை, அறுகம்புல். முள்ளை நெருப்பில் காட்டிப் போக்கிய சப்பாத்திக்கள்ளி. காலையில் தட்டுத் தண்ணீரில் சற்று நேரம் முக்கியெடுப்பது. எடை மாதக்கணக்கில் நகரவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாக வளர்ந்தால்தான் ஓடு சரியாக வரும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் முட்டையை அழுத்துவது போலக் கட்டைவிரலால் ஓட்டை மெல்ல அழுத்திப் பார்த்து, கெட்டி, கெட்டி, இன்னும் கொஞ்சம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எழுதினீர்கள். வெயிலில் இருக்கும் நேரமெல்லாம் நம்மில் ஒருவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மழை விட்ட காலையில் என்னைக் கூப்பிட்டு, ஒன்பதாம் எண்ணை உள்ளங்கையில் வைத்து, என் சுட்டுவிரலைப் பிடித்து அதன் முதுகில் வைத்தீர்கள். மேட்டிலிருந்து கீழே இறக்கி, இங்கே தொடுங்கள் என்றீர்கள். மேடு முடிகிற இடத்தைச் சுற்றி, நூல் அகலத்துக்குப் புது ஓடு வந்திருந்தது. சமமாக, வழவழவென்று. அடுத்த எண்ணுக்கும் அப்படியே. நாம் இரண்டு பேரும் ஒன்பதையும் தடவித் தடவிப் பார்த்தோம். எனக்குக் கண் கலங்கியது. நார்த்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று நான் சொன்னதை நீங்கள் நம்பினது மாதிரி நடித்ததற்கும் சேர்த்து நன்றி.

அதற்கடுத்த வருஷம் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் பார்க்க வரும்போதெல்லாம் உங்கள் நோயைப் பற்றிப் பேச விடமாட்டீர்கள். குட்டிகளை வெயிலில் விட்டீர்களா என்று கேட்பீர்கள். விட்டேன் என்றால், "கூடவே இருந்தீங்களா?" என்று கேட்பீர்கள். இருந்தேன் என்று சொன்ன பிறகுதான் தலையணையில் சாய்வீர்கள். கடைசியாகப் பேசியதும் அதுதான். ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில், மழைக்குப் போட்டிருந்த தார்ப்பாய்க்கு அடியில், ஒருவர் மெதுவாகச் சொன்னார். இவரே அமீனா, இதில் ஆமையை வேறு கட்டிக்கொண்டு அழுதார், பிறகு எப்படி என்று. துக்க வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் சொன்னேன். "எங்க வீட்டுக்கு ரெண்டும் வந்துச்சுங்க. வந்தப்புறம்தான் நான் மனுஷனானேன்." அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுக்குத் தெரியாத கதை இனிமேல்தான். ஒன்பதும் உள்ளங்கை அளவு வளர்ந்து, காட்டில் விடலாம் என்று உத்தரவு வந்தது. ஒப்படைக்க உங்கள் நோட்டு வேண்டும் என்று டாக்டரம்மா அலமாரியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அந்தச் சித்திரை மாதப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். உங்கள் கையெழுத்து, கொஞ்சமும் நடுங்காமல்.

எண் நாலு, எண் ஏழு. இறப்பு. காரணம், மூடிய கண்ணாடித் தொட்டியில் வெயிலில் இருந்தது. தொட்டி வைக்க ஒப்புக்கொண்டதும் கவனிக்கத் தவறியதும் பொறுப்பாளர்.

கீழே உங்கள் பெயர். என் பெயர் எங்குமே இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் எனக்குத் தெரியும் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். வனத்துறை விசாரித்ததாம். அந்த எட்டு நாளும் உங்களையும் உள்ளே விடவில்லையாம். தினமும் காலையில் செம்பருத்தி இலையைப் பையில் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களாம். சரியான கூடு செய்யத் தெரிந்த ஆள் என்னிடம் இருக்கிறார், அவரை வைத்து ஒரு வாரத்துக்குள் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் மறுபடி உள்ளே வந்தீர்களாம். அந்த ஆள் அப்போது கடையில் உட்கார்ந்து, தன் ராசியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தான். நீங்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது இதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை.

பல நாள் எனக்கு ஆறவில்லை அக்கா. பொய்யே எழுதாத கை எனக்காகப் பொய் எழுதிவிட்டதே என்று நினைத்தேன். பிறகுதான் வாசற்படியில் உடைந்த தொட்டி ஞாபகம் வந்தது. உங்கள் வரையில் அது பொய்யே இல்லை. உங்கள் கைக்கு வந்த பிறகு உடைந்தது, அவ்வளவுதான்.

வேனில் ஒன்பதையும் கொண்டுபோனோம். முள்ளும் புதரும் செம்மண்ணுமான காடு. வனத்துறை அதிகாரி உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோடுகளை எண்ணிச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்போது அவர் ஒன்பதாம் எண்ணைத் திருப்பிப் பார்த்து, நடுவில் மட்டும் ஏன் இப்படி மேடாக இருக்கிறது, சுற்றிலும் நன்றாகத்தானே வந்திருக்கிறது என்று கேட்டார். டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அது நான் பண்ணினது சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டைத் தீனி, தராசு, மூடி, தென்னைமரம், பதினொரு மணி. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை எழுத வேண்டும் என்று நோட்டைக் கேட்டு வாங்கினேன். நீங்கள் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த இடத்தில், தொட்டியைச் செய்தவனும் மூடி வைத்துவிட்டுப் போனவனும் நான் என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். அதற்குள் ஒன்பதும் ஆளுக்கொரு திசையில் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தன. எதிரே கண்ணாடி இல்லாத தரையில் அதுகள் நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் காப்பகத்துக்கு நாலு குட்டிகள் வந்திருக்கின்றன. இந்தத் தடவை பை இல்லை, ஒரு மிட்டாய் டப்பா. ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது. கோணல் பெட்டியை இறக்கி, நார்த்தூளை நனைத்துவிட்டேன். புது நோட்டில் பொறுப்பாளர் என்ற இடம் காலியாக இருந்தது. என் பெயரை எழுதினேன். அன்று தொட்டியோடு கடைக்கு வந்துவிட்ட இந்தக் கணவாய் ஓட்டைக் கழுவி, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அதுகளுக்குப் போட. பழைய கடித்தடத்துக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

கடையை மனைவி பார்த்துக்கொள்கிறாள். காப்பகத்து மாடியில் வெயில் ஏறும் நேரம் ஆகிவிட்டது அக்கா. போய்க் கூடவே உட்கார வேண்டும்.